மேற்கு ஜன்னல்

பங்குனி பிறந்து பத்து நாள்.
கிணத்துக்கடவில் எங்கள் மொட்டைமாடி
மதியம் ஒரு மணிக்கு
செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

வெயில் முற்றுவதற்குள் முடிக்க வேண்டியதை
கேஸ் ரசீதின் பின்பக்கம் எழுதினேன்.
ஐந்துக்கு மேல் இடமில்லை.
ஆறும் ஏழும் ஓரத்தில்
எறும்பு போல ஏறிப் போயின.

ஆறரைக்கே வந்துவிட்டான் திருமூர்த்தி,
மாடிக்கு வெள்ளை அடிக்கிறவன்.
"மொதல்ல கூட்டித் தொடைச்சுப்போடோணுங்க்கா.
தூசி மேல அடிச்சா
ஆடிக்காத்துக்கு அப்பளமாட்டப் பேந்துக்கும்."
முந்தின ராத்திரியே ஊறப்போட்ட சுண்ணாம்பை
என் பழைய நைலக்ஸ் சேலையில் வடித்து
பசை கலந்தான்.
முதல் கை வடக்கு தெற்காக.
இரண்டாம் கை கிழக்கு மேற்காக.
நடுவில் ஒரு டீ.

கீழே நான் குழாயோடு மல்லுக்கு நின்றேன்.
எண்ணூறு அடி ஆழத்துத் தண்ணீர்
ஷவரின் ஒவ்வொரு கண்ணிலும்
வெள்ளையாய் ஒரு பருக்கை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி
ஷவரின் தலையில் கட்டித் தொங்கவிட்டேன்,
காய்ச்சல்காரிக்குப் பற்றுப் போடுவது போல.
விடியும்வரை இருக்கட்டும்.

உப்பு எனக்குப் புதிதில்லை.
மணப்பாட்டில் அது காற்றில் வரும்.
ஜன்னல் கம்பியைத் தின்னும், கீலைத் தின்னும்,
சைக்கிள் மணியின் நாக்கைத் தின்னும்.
மாதம் ஒருமுறை
தேங்காயெண்ணெய்த் துணியோடு
கதவு கதவாகப் போவாள் அம்மா,
வாய்க்குள் ஜெபமாலை ஓடிக்கொண்டிருக்கும்.
இங்கே உப்பு கீழிருந்து வருகிறது.
கரண்டு செலவழித்து
நாமேதான் அதை மேலேற்றி
டேங்கில் நிரப்பிக்கொள்கிறோம்.

"கடலோரத்து ஊருங்களாமா நீங்க?"
"ஆமா."
"நானும் ஒருக்காப் பாத்திருக்கனுங்க.
மெட்ராஸுல, மச்சான் கண்ணாலத்துக்குப் போனப்ப."
எப்படி இருந்தது என்றேன்.
பிரஷை வாளி விளிம்பில் வழித்துவிட்டு
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"தண்ணி தானுங்க.
எச்சா இருந்துச்சு."

மாடியின் மழைக்குழாய் வாயை
வேப்பம்பூ அடைத்திருந்தது.
கோடைமழை சொல்லிக்கொண்டு வராது,
கைவிட்டு அள்ளினேன்.
ஒரு முறம் தேறியது, பாதி தூசி.
மின்விசிறி இறக்கையை
பழைய தலையணை உறைக்குள் நுழைத்து உருவினால்
தூசி கட்டிலில் விழாது.
இது நானே கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன்;
எதிர்வீட்டுப் பூவாத்தாளும் அதையே செய்துகொண்டிருந்தாள்,
மூக்கில் துண்டு கட்டி.

எழுதாமல் விட்டது ஒன்று.
மேற்கு ஜன்னல்.
மூன்று வருஷமாக அதைத் திறந்ததில்லை.
சாயங்கால வெயிலுக்குப் பயந்து
யாரோ சாத்தி, பெயிண்டும் அடித்து
சுவராக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.
கரண்டியால் விளிம்பைச் சுரண்டி
கீலில் எண்ணெய் விட்டேன்.
வாய்க்குள் எனக்கு ஜெபம் வரவில்லை,
வசவுதான் வந்தது.
நான்காவது தள்ளலில் திறந்தது.

ஏழு மணிக்கு மாகாளியப்பன் வந்தார்,
கயிறு மில்லின் தேங்காய்நார்த் தூசியோடு.
இரண்டு ஊருக்கும் பொதுவானது
தென்னை ஒன்றுதான்.
கையைக்கூடக் கழுவாமல்
ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.
"பகல்ல சாத்தி வெச்சரு.
பொழுது எறங்குன பொறகு தொற."

ஏழே முக்காலுக்கு அது வந்தது.
முதலில் தென்னந்தோப்பில் ஒரு சலசலப்பு,
அப்புறம் காலண்டர் தாள் எல்லாம் எழுந்து நின்றன,
ஒரு மாசமும் தன் இடத்தில் இல்லை.
"மேகாத்து," என்றார்.
"பாலக்காட்டுக் கணவாய்ல நொழஞ்சு வருது.
அக்கட்ட பொன்னானிக் கடலு.
உன்ற சொந்தக்காரந்தான்."

உதட்டை நக்கிப் பார்த்தேன்.
உப்பில்லை.
வழியில் எத்தனை மிதியடியில்
கால் துடைத்துவிட்டு வந்ததோ.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"என்னட்டி அங்க அப்படிச் சத்தம்?"
"காத்தும்மா. கடல் காத்து."
"அங்க ஏது கடலு?"
"மேக்க இருக்குல்லா, அந்தக் கடலு."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
அலை மட்டும் கேட்டது.
"அது நம்ம கடல் இல்லலா," என்றாள்.

குளியலறையில்
வினிகர்ப் பை ஆடிக்கொண்டிருந்தது.